யார் செய்த கொலைக்கு யார் கையெழுத்து?

சென்ற இதழில் வடக்கு முஸ்லிம்களின் மீள்குடியேற்றம் பற்றி எழுதியவர் பண்பான மொழியில்தான் எழுதியிருக்கிறார். வசை இல்லை, கூச்சல் இல்லை, மேலைத் தத்துவவாதி ஒருவரின் பெயரும் வருகிறது. சொல்லும் முறை நாகரிகமாக இருந்தால் சொல்லப்படுவதும் நியாயம்போலத் தோன்றிவிடும். ஆகவே இந்தப் பதில் கடுமையாக இருந்தாக வேண்டும்.

அவர் சொல்வதன் சாரம் இது. 1990இல் கிழக்கில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் தமிழரைக் கொன்றார்கள். முஸ்லிம் சமூகம் அதைக் கண்டிக்கவில்லை. ஆகவே அந்தச் சமூகம் முழுவதற்கும் கூட்டுப் பொறுப்பு உண்டு. வடக்கிலிருந்து அவர்கள் அனுப்பப்பட்டது வருத்தத்துக்குரியது, ஆனால் அந்தச் சூழலில் தவிர்க்க முடியாதது. இனித் திரும்பி வருவதென்றால் முதலில் அந்தச் சமூகம் மன்னிப்புக் கேட்கட்டும். எத்தனை குடும்பம், எந்த ஊர் என்பதை அதன்பிறகு பேசித் தீர்மானிக்கலாம்.

நான் யாழ்ப்பாணத்துத் தமிழன். அந்த ஒக்டோபரில் நானும் அங்கேதான் இருந்தேன். இந்த வாதத்தைப் புத்தளத்திலிருந்து ஒரு முஸ்லிம் மறுத்தால், பாதிக்கப்பட்டவர் அப்படித்தான் பேசுவார் என்று ஒதுக்கிவிடுவார்கள். மறுக்க வேண்டிய கடமை எங்களுடையது.

முதலில், அவர் ஒரே வரியில் கடந்துபோன அந்த வெளியேற்றம். 1990 ஒக்டோபர் 15ஆம் திகதி சாவகச்சேரியில் அது தொடங்கியது. மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டிக்குள் புலிகள் புகுந்து பணத்தையும் நகையையும் பறித்தார்கள். சில நாட்களில் மாவட்டம் முழுவதிலும் இருந்த முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கானோர் குழந்தை குட்டிகளோடு வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். 30ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை காலை, யாழ்ப்பாணச் சோனகத் தெருவில் எல்லோரையும் ஒஸ்மானியா கல்லூரி மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். ஏதோ அறிவித்தல் என்று நினைத்துப் போனவர்களிடம், இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்றார்கள். காரணம் சொல்லப்படவில்லை. போகிற வழியில் மறித்துச் சோதித்து, பெண்களின் காதில் கிடந்தது வரைக்கும் கழற்றி வாங்கினார்கள். உடுத்த உடுப்பும், இடத்துக்கு இடம் வேறுபட்ட ஒரு சிறு தொகையும்தான் கையில் மிஞ்சின. மாதம் முடிந்தபோது வடமாகாணத்து முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், எவரும் அங்கே இல்லை.

யார் இந்த மனிதர்கள்? 1981 குடிசன மதிப்பீட்டின்படி மாகாண மக்களில் சுமார் 5 சதவீதம். மன்னாரில் மட்டும் ஏறத்தாழ நான்கில் ஒருவர். முசலியில் வயல் செய்தவர்கள், நாச்சிக்குடாவில் வலை இழுத்தவர்கள், முல்லைத்தீவுத் தண்ணீரூற்றில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள். யாழ்ப்பாண நகரத்தில் தையல், இரும்புக்கடை, இறைச்சிக்கடை, நகை வேலை, லொறி ஓட்டம். எங்கள் கலியாணச் சட்டையைத் தைத்ததும் அவர்கள்தான், கிணற்றுக்குக் கப்பி விற்றதும் அவர்கள்தான். இவர்களில் எவர் வீரமுனைக்குப் போய்க் கத்தி எடுத்தார்? கட்டுரையில் ஒரு பெயர்கூட இல்லை. இருக்கவும் முடியாது. வீரமுனை அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறது, யாழ்ப்பாணத்திலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால்.

வீரமுனையை நான் மறைக்கப் போவதில்லை. 1990 ஓகஸ்ட் 12ஆம் திகதி அங்கே பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களை வெட்டிக் கொன்றார்கள். செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் இராணுவமும் அதனோடு வந்தவர்களுமாகக் கிராமத்து மக்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் கொன்றார்கள், 180க்கும் மேற்பட்டவர்களை. அதே ஓகஸ்டில், 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் குனிந்திருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், சிறுவர்களும் அவர்களில் இருந்தார்கள். 11ஆம் திகதி இரவு ஏறாவூரில் இன்னொரு நூறு பேருக்கு மேல். கட்டுரையாளர் முதல் இரண்டையும் எழுதியிருக்கிறார், அடுத்த இரண்டையும் எழுதவில்லை. யார் முதலில் தொடங்கினார்கள் என்ற கணக்குக்குள் நான் இறங்கமாட்டேன். காத்தான்குடியைச் சொல்லி வீரமுனையை நியாயப்படுத்த வருகிறவர் எவரானாலும் அவரும் இவரும் ஒரே ஆள்தான்.

ஆனால் வீரமுனைக்காக அழுவதாகச் சொல்லும் இந்தக் கட்டுரை வீரமுனைக்கு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஊர்காவல் படைக்குத் துப்பாக்கி கொடுத்தது யார்? அரசு. கோயிலில் நடந்ததற்கு எவரையாவது கூண்டில் ஏற்றித் தண்டித்தார்களா? இல்லை. கொன்றவர்களுக்கு முகம் இருந்தது, பெயர் இருந்தது, அவர்களுக்கு ஆயுதம் கொடுத்த அதிகாரிகளுக்குப் பதவி இருந்தது. தப்பிப் பிழைத்தவர்களில் சிலருக்கு அந்த முகங்கள் தெரியும். அவர்கள் இத்தனை வருடமாகக் கேட்பது விசாரணையை. கட்டுரையாளரோ அந்தக் கோரிக்கையின் இடத்தில் ஒரு சமூகத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். ‘முஸ்லிம்கள் செய்தார்கள்’ என்று எழுதியவுடன் செய்தவன் தப்பிவிடுகிறான், துப்பாக்கி கொடுத்தவனும் தப்பிவிடுகிறான். போருக்குப் பிந்திய ஜெர்மனியைப் பார்த்துச் சிந்தனையாளர் ஹன்னா ஆரென்ட் எச்சரித்ததும் இதைத்தான்: நாடு முழுவதும் குற்றத்தை ஏற்றுக்கொண்டு மார்பில் அடித்துக்கொள்ளும்போது, உண்மையில் கொலை செய்தவர்களுக்கு அந்தக் கூட்டம் ஒளிய இடமாகிவிடுகிறது. வீரமுனையில் மாண்டவர்களுக்கு நீதி வேண்டும் என்று உண்மையாக நினைக்கிறவர், சோனகத் தெருத் தையல்காரரிடம் மன்னிப்புக் கடிதம் கேட்கமாட்டார்.

அடுத்து அந்த மேலைத் தத்துவவாதி, கார்ல் யாஸ்பர்ஸ். கூட்டுப் பொறுப்பு என்ற கருத்துக்கு அவரைத் துணைக்கு அழைத்திருக்கிறார் கட்டுரையாளர். யாஸ்பர்ஸ் அந்த விரிவுரைகளை நிகழ்த்தியது 1945-46 குளிர்காலத்தில், ஹைடல்பெர்க்கில், ஜெர்மானிய மாணவர்களுக்கு முன்னால். நாஜிகள் அவரைப் பதவியிலிருந்து நீக்கியிருந்தார்கள். அவருடைய மனைவி யூதப் பெண். ‘நான் இதில் இல்லை’ என்று சொல்ல அந்த மனிதரைவிட உரிமை உள்ளவர் அந்த மண்டபத்தில் எவரும் இருந்திருக்கமாட்டார்கள். அப்படிப்பட்டவர் தன் மக்களுக்குள் நின்று, தன்னையும் சேர்த்துப் பேசினார். சட்டத்தின் முன் குற்றம் ஒவ்வொரு தனி மனிதனுக்கும் உரியது, ஒரு மக்கள் கூட்டத்தை மொத்தமாகக் குற்றவாளி ஆக்க முடியாது என்பதை அவர் தெளிவாகவே சொன்னார். ஓர் ஆட்சியின் செயலுக்கு அதன் குடிமக்கள் அரசியல் ரீதியில் பதில் சொல்ல வேண்டியிருக்கும், மனச்சாட்சி சார்ந்த குற்றத்தை அவரவரே தனக்குள் விசாரித்துக்கொள்ள வேண்டும் என்றார். நூல் முழுவதிலும் விரல் நீள்வது தன்னை நோக்கித்தான். கட்டுரையாளர் அந்த விரலைப் பிடித்துப் புத்தளத்தை நோக்கித் திருப்பியிருக்கிறார்.

யாஸ்பர்ஸின் அளவுகோலை உண்மையாகவே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அவர் யோசித்தாரா? அரசியல் பொறுப்பு ஆட்சியிலிருந்து வருகிறது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை ஆண்டது யார்? இந்திய இராணுவம் மார்ச்சில் போய்விட்டது. ஜூனில் மறுபடி போர் தொடங்கியபிறகு, குடாநாட்டின் பெரும்பகுதி புலிகளின் கையில். வரி அவர்களுக்கு, பாஸ் அவர்களிடம். சோனகத் தெருக்காரரும் அதே வரியைக் கட்டினார்கள், அதே பாஸுக்கு வரிசையில் நின்றார்கள். எங்கள் பெயரால் நடந்த ஆட்சி அவர்களை விரட்டியது. வீதியோரத்தில் நின்று பார்த்தவர்கள் நாங்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தவர்கள் நாங்கள். பிறகு வெறுமையாகக் கிடந்த வீடுகளில் குடியேறியவர்களும், அங்கிருந்து வந்த நிலையையும் ஓட்டையும் மலிவாக வாங்கியவர்களும் எங்களுக்குள்ளேதான் இருந்தார்கள். துப்பாக்கிக்கு முன்னால் எங்களால் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது, உண்மை. மனித உரிமைகளுக்கான யாழ் பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பினர் இந்த வெளியேற்றத்தை எழுதிப் பதிவுசெய்தார்கள். அதற்கு ஓராண்டு முன்பே, 1989 செப்டெம்பரில், அந்த அமைப்பின் ராஜினி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். பேசினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் எவரையும் கோழை என்று சொல்லவில்லை. ஆனால் அன்று வாய் திறக்க முடியாததற்குப் பயத்தைக் காரணம் காட்டும் நாங்கள், இன்று சுட ஆளில்லாத நேரத்தில், அந்த மக்களிடமே மன்னிப்புக் கேட்கச் சொல்வதற்கு எதைக் காரணம் காட்டுவோம்?

கூட்டுப் பொறுப்பு என்று ஒன்று இருக்கிறது, அதை நான் நம்புகிறேன். அதை ஒருவர் தானாகத் தன் தோளில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் தோளில் வலுக்கட்டாயமாக வைக்கும்போது அது கூட்டுத் தண்டனை ஆகிவிடுகிறது. 1949இன் ஜெனீவா உடன்படிக்கை அதைத் தடை செய்தது ஏன் என்று தமிழருக்கு எவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1983 ஜூலை 23ஆம் திகதி திருநெல்வேலியில் 13 சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். மறுநாளிலிருந்து கொழும்பில் எரிந்தவை யாருடைய வீடுகள்? வெள்ளவத்தையில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் கண்ணிவெடி புதைத்தாரா? தமிழர், ஆகவே பொறுப்பாளி. அதே கணக்கு. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். பாதுகாப்புக் காரணம் என்றார்கள், குண்டு வைப்பவர்கள் அவர்களுக்குள் இருக்கலாம் என்றார்கள். அன்றைக்கு நாங்கள் எப்படிக் கொதித்தோம்! மறுநாள் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபோது எவ்வளவு ஆறுதல்! ஒக்டோபர் 1990க்குக் கட்டுரையாளர் சொல்லும் பாதுகாப்புக் காரணம், அந்த பஸ்களை அனுப்பியவர்கள் சொன்ன காரணம்தான், எழுத்துக்கு எழுத்து. ஒன்றை ஏற்றுக்கொண்டு மற்றதை எதிர்க்க அவருக்கு எந்த வழியும் இல்லை, செய்தது யார் என்று பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் ஒழிய.

இன்னொன்றும் கேட்கிறேன். 1985 மே 14ஆம் திகதி அநுராதபுரத்தில் புலிகள் 146 பேரைக் கொன்றார்கள். பஸ் நிலையத்தில் நின்றவர்கள், ஸ்ரீமகாபோதியடியில் வழிபட வந்தவர்கள். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட எங்கள் சனம் வருடக்கணக்காக முகாம்களில் கிடந்தது. மயிலிட்டித் துறைமுகம் திரும்பக் கிடைக்க 2017 வரை ஆயிற்று. இன்னும் பலருக்கு முழுக்காணியும் வரவில்லை. அந்தக் காணியை விடுவிக்க, ‘முதலில் அநுராதபுரத்துக்காகத் தமிழ்ச் சமூகம் மன்னிப்புக் கேட்கட்டும், எத்தனை குடும்பம் என்று பிறகு பேசுவோம்’ என்று இராணுவம் நிபந்தனை போட்டால் கட்டுரையாளர் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் எழுதுவேன். மயிலிட்டி மீனவனுக்கும் அநுராதபுரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பேன்.

ஒருவரும் சாகவில்லையே, உயிரோடுதானே அனுப்பினார்கள் என்கிறார். கிழக்கில் எழுந்த கோபம் வடக்கில் பரவியிருந்தால் அவர்கள் உயிருக்கே ஆபத்து, ஆகவே அது ஒருவகைப் பாதுகாப்பு என்றும் சொல்கிறார். பாதுகாக்கப் போகிறவன் தோட்டைக் கழற்றுவானா? வீட்டுச் சாவியையும் காணி உறுதியையும் பறிப்பானா? வசதியுள்ள வணிகர்கள் சிலரைத் தடுத்துவைத்துப் பணம் கேட்பானா? அப்படிப் பிடிக்கப்பட்டவர்களில் எல்லோரும் திரும்பி வரவில்லை. ஒருவரும் சாகவில்லை என்பது பொய். கடற்காற்றும் உப்புமாக இருந்த கற்பிட்டி, புத்தளம் முகாம்களின் கிடுகுக் கொட்டில்களில் வயிற்றோட்டத்துக்கும் காய்ச்சலுக்கும் பறிகொடுத்த பிள்ளைகளை அவர் எந்தக் கணக்கில் சேர்ப்பார்? தவிர, யாழ்ப்பாணத்தில் அப்போது முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் எதுவும் இல்லை. அயலவர் கோபம் என்று ஒன்றை இன்றைக்குக் கற்பனை செய்து, அதை எங்கள் தலையில் வைக்கிறார். விரட்டியவர்களைக் காப்பாற்றுவதற்காகத் தன் சொந்த மக்களையே கொலைகாரர்களாக்கக்கூட அவர் தயங்கவில்லை.

செய்தவர்களே கைவிட்ட நியாயம் இது. 2002 ஏப்ரல் 10ஆம் திகதி கிளிநொச்சிப் பத்திரிகையாளர் மாநாட்டில், பிரபாகரன் பக்கத்தில் இருக்க, அன்ரன் பாலசிங்கம் அந்த வெளியேற்றத்தை அரசியல் தவறு என்று ஒப்புக்கொண்டார். மூன்று நாளில் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்டார்கள். கட்டுரையாளர் இதை எடுத்துக்காட்டி, அதோடு கணக்குத் தீர்ந்தது என்கிறார். தவறு என்று அவர்களே சொன்னதைத் தவிர்க்க முடியாதது என்று அதே கட்டுரையில் இவர் எழுதுகிறார். வருத்தம் தெரிவித்தது போதும் என்றால், வீட்டையும் வளவையும் யார் கொடுப்பது? எடுத்தது அப்படியே இருக்க, எடுத்ததற்கு வருந்துகிறேன் என்பது எந்த ஊர் வழக்கு?

ஐரோப்பிய உதாரணம் ஒன்றும் தந்திருக்கிறார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியா தன் ஜெர்மானியக் குடிமக்களை, சுமார் முப்பது லட்சம் பேரை, நாட்டைவிட்டு அனுப்பியது. நேச நாடுகளும் பொட்ஸ்டாமில் ஒப்புதல் தந்தன. உலகம் அதோடு வாழப் பழகிக்கொண்டது என்கிறார். உண்மைதான், உலகம் பழகிக்கொண்டது. ஆனால் 1997 ஜனவரியில் செக் அரசும் ஜெர்மனியும் கையெழுத்திட்ட பிரகடனத்தை அவர் படித்திருக்க வேண்டும். குற்றமற்றவர்கள் பட்ட துன்பத்துக்கு, அதுவும் குற்றம் கூட்டாகச் சுமத்தப்பட்டதற்கு, செக் தரப்பு அதில் வருத்தம் தெரிவித்திருக்கிறது. ஹிட்லரின் ஆக்கிரமிப்பில் நொறுங்கிய ஒரு நாடு, அந்தத் தண்டனையின் அடிப்படையே பிழை என்று சொல்ல அரை நூற்றாண்டு ஆனது. சொன்னபோதும் வீடுகள் திரும்பவில்லை. இவர் அதை முன்மாதிரி என்கிறார், எனக்கு அது பிந்திப்போன ஒப்புதல்.

பொஸ்னியாவை அவர் ஏன் தொடவில்லை? 1995இன் டேட்டன் உடன்படிக்கையின் ஏழாவது இணைப்பு, அகதிகளுக்குத் தாம் முன்பு இருந்த வீட்டுக்கே திரும்பும் உரிமை உண்டு என்றது. 2004ஆம் ஆண்டு பத்து லட்சமாவது ஆள் திரும்பியதாக ஐ.நா. அகதிகள் அமைப்பு அறிவித்தது. அவர்களில் பெருந்தொகையினர் தாம் சிறுபான்மையாக இருக்கக்கூடிய ஊர்களுக்குப் போனவர்கள், தம்மை விரட்டியவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்கு. செர்பியர், குரோவாசியர், பொஸ்னிய முஸ்லிம்கள் என்று எவரிடமும், உன் ஆட்கள் செய்ததற்கு நீ முதலில் மன்னிப்புக் கேள் என்று வாசலில் வைத்துக் கேட்கவில்லை. கொலை செய்தவர்களைத் தேடிப் பிடிக்க ஹேக்கில் தனி நீதிமன்றம் இருந்தது. வீடு வீட்டுக்காரருக்கு, குற்றம் குற்றவாளிக்கு என்று இரண்டையும் வேறு வேறாகப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்லவில்லை. வீட்டைத் திரும்பப் பெற்ற பலர் அதை விற்றுவிட்டு வேறிடத்திலேயே இருந்துவிட்டார்கள். அதற்கும் அவர்களுக்கு உரிமை இருந்தது. கட்டுரையின் கடைசிப் பகுதிக்குப் பதில் சொல்ல இது உதவும்.

அந்தப் பகுதியில் அவர் சொல்கிறார்: புத்தளத்தில் அவர்கள் வீடு கட்டி வசதியாக இருக்கிறார்கள், வடக்கில் பதிந்து உதவியை வாங்கிக்கொண்டு திரும்பிப் போய்விடுகிறார்கள், போனதைவிடக் கூடிய தொகை வந்து நிற்கிறது, பாதிப்பேர் புத்தளத்தில் பிறந்தவர்கள், அவர்களுக்கு இது திரும்புதலே அல்ல.

போர் முடிந்த மறுவருடம் சோனகத் தெருப் பக்கம் போயிருந்தேன். எனக்குப் பள்ளிக்கூடக் காற்சட்டை தைத்துத் தந்த தையல்காரர் தன் வளவில் நின்றார். கூரை இல்லை. ஓடு போய், தீராந்தி போய், கதவு யன்னல் நிலைகளைச் சுவரோடு வெட்டி எடுத்திருந்தார்கள். முன் விறாந்தைச் சிவப்புச் சீமெந்தில் தையல் மிசினின் நான்கு கால்கள் அழுத்திய தடம் மட்டும் அப்படியே இருந்தது. கிழக்கு வேலி முன்னுக்கு நகர்ந்து கிணற்றுக் கட்டோடு ஒட்டி நின்றது. காணி உறுதியின் பிரதி ஒன்றை எங்கோ தேடி எடுத்துப் பொலித்தீன் பையில் வைத்திருந்தார். பக்கத்து வீட்டு அம்மா தேத்தண்ணியோடு வந்தவர், அவர் கேட்காமலே சொன்னார்: “நானா, நாங்கள் ஒண்டும் எடுக்கேல்லை.” அவர் சொன்ன பதில்: “ஆர் எடுத்ததெண்டு நான் கேக்கேல்லைப் பிள்ளை. இனி எங்க இருக்கிறதெண்டுதான் கேக்கிறன்.”

அந்த அம்மா தமிழ்ப் பெண் என்பதற்காக அவரைக் குற்றவாளியாக்க எல்லாக் காரணமும் வாய்த்திருந்த மனிதர் அதைச் செய்யவில்லை. அவரிடம் போய் வீரமுனைக்குக் கையெழுத்துக் கேட்கச் சொல்கிறது சென்ற இதழ்க் கட்டுரை.

அவர் ஒரு தகரக் கொட்டில் போட்டார். பேரப்பிள்ளைகளின் படிப்பு புத்தளத்தில், பாதி வருடத்தில் பள்ளிக்கூடம் மாற்ற முடியாது. ஆகவே குடும்பம் அங்கே, அவர் இங்கே, வேலை இல்லாத நாளில் அவரும் அங்கே. வீட்டுத்திட்டத்துக்குப் பதிய வந்தவர்கள் கொட்டில் பூட்டியிருப்பதைக் கண்டு, நிரந்தரமாக இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். வீடு இருந்தால் குடும்பம் வந்திருக்கும். குடும்பம் வராததால் வீடு கிடைக்கவில்லை. உதவியை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனவர்கள் என்று கட்டுரையாளர் எழுதுவது இவரைப் போன்றவர்களைத்தான். 2008 ஏப்ரலுக்குப் பிறகு இடம்பெயர்ந்தவர்களைப் புதிய அகதிகள், அதற்கு முன்னையவர்களைப் பழைய அகதிகள் என்று பிரித்து, உதவியில் முன்னுரிமையைப் புதியவர்களுக்குக் கொடுத்தார்கள். முள்ளிவாய்க்காலிலிருந்து எல்லாம் இழந்து வந்த எங்கள் சனத்துக்கு அது கட்டாயம் தேவைப்பட்டது. ஆனால் இருபது வருடம் அகதியாகக் கிடந்தவனுக்கு, நீ பழையவன், பிறகு வா என்பதும் நியாயமில்லை.

கூடிய தொகை என்கிறார். ஒரு குடும்பம் முப்பது வருடத்தில் நான்கு குடும்பமாகும். கனடாவிலும் சுவிஸிலும் எங்கள் குடும்பங்கள் பெருகவில்லையா? மண்டபம் முகாமில் பிறந்து வளர்ந்து, யாழ்ப்பாணத்தையே கண்ணால் காணாத பிள்ளை அகதி, அவள் ஊர் திரும்ப உரிமை உண்டு என்று இதே கட்டுரையாளர் முன்பு எழுதியிருக்கிறார். நன்றாகவும் எழுதியிருந்தார். புத்தளத்தில் பிறந்த பிள்ளைக்கு மட்டும் ஊர் எப்படி இல்லாமல் போகும்?

முசலியில் நடப்பதையும் அவர் துணைக்கு எடுத்திருக்கிறார். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி மக்கள் இருபது வருடம் இல்லாத இடத்தில் காடு வளர்ந்தது. அந்தக் காணிகளையும் சேர்த்து 2012இல் ஒதுக்கக்காடு என்று அறிவித்தார்கள். திரும்பி வந்து பற்றை வெட்டியவர்கள் வில்பத்துக் காட்டை அழிப்பவர்கள் ஆனார்கள். தென்னிலங்கையில் அந்தப் பிரசாரத்தை நடத்தியவர்கள் எவரும் தமிழரின் நண்பர்கள் இல்லை. மணலாற்றில் எங்கள் காணி போனபோதும் அவர்கள் இதே குரலில்தான் பேசினார்கள். அவர்கள் வசனத்தை வாங்கி இங்கே தமிழில் எழுதுவது எனக்கு வெட்கமாக இருக்கிறது. குடியேற்றங்களில் அமைச்சர்களின் அரசியல் புகுந்த இடங்கள் உண்டு, முறைகேடும் உண்டு. அதைக் காணி காணியாக, ஆவணத்தை வைத்து விசாரிக்கலாம். ஒரு முறைகேட்டைக் காட்டி எழுபத்தையாயிரம் பேரின் கோரிக்கையைத் தள்ளிவிட முடியாது.

சட்டம்கூட இந்த விடயத்தில் எங்களைவிட நேர்மையாக நடந்துகொண்டது. பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டு அனுபவித்தவனுக்குக் காணி சொந்தமாகிவிடும் என்பது பழைய விதி. விரட்டப்பட்டவன் எப்படி வந்து தடுப்பான்? 2016இல் சிறப்புச் சட்டம் கொண்டுவந்து, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, ஆயுதக் குழுக்களால் காணிக்கு வரமுடியாமல் போனவர்களுக்கு எதிராக எண்ணக்கூடாது என்றார்கள். காணிக்காரர் தமிழரா, முஸ்லிமா, சிங்களவரா, அவருடைய இனத்தவர் எங்கே என்ன செய்தார்கள் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை.

எத்தனை குடும்பம், எந்த ஊர் என்று பேசித் தீர்மானிக்கலாம் என்கிறார். யாரோடு யார் பேசுவது? சோனகத் தெருவுக்கு யார் வரலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் தமிழருக்கு எங்கிருந்து வந்தது? 1990க்கு முன்பு அப்படி ஓர் அதிகாரம் எங்களிடம் இருக்கவில்லை. எவர் வீட்டுக்கு எவர் அனுமதி கொடுத்தார்? அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அது பிறந்தது. அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு பேச உட்காருகிறவர், விரட்டியவர்களின் நாற்காலியில்தான் உட்காருகிறார். பேச வேண்டியவை வேறு இருக்கின்றன: கிணற்றடி வேலி எத்தனை அடி பின்னுக்குப் போக வேண்டும், வேறொருவர் குடியிருக்கும் வீட்டுக்கு அவரையும் தெருவில் விடாமல் என்ன ஏற்பாடு, ஒஸ்மானியாவிலும் கதீஜாவிலும் இன்னும் எத்தனை வகுப்பறை வேண்டும், வீட்டுத்திட்டப் படிவத்தில் அந்த நிரந்தர வதிவு நிபந்தனையை எப்படி எடுப்பது. வரலாமா என்ற கேள்வியை அந்த மேசைக்குக் கொண்டுவர எவருக்கும் உரிமை கிடையாது.